இடம் கேட்பது குற்றமா?

லினக்ஸ் மேசைக்கணினி உலகில் ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றிவிட்டது: சாளரம் திரையில் எங்கே திறக்க வேண்டும் என்பது முழுக்கச் சாளர மேலாளரின் பொறுப்பு, நிரல் அதில் வாய் திறக்கவே கூடாது. கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலண்ட் என்ற திரை நெறிமுறை இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. அதில் ஓடும் சாதாரண நிரலுக்குத் தன் சாளரம் திரையின் எந்த மூலையில் கிடக்கிறது என்பதுகூடத் தெரியாது. முழுத்திரை கேட்கலாம், "இந்த இடத்தில் வை" என்று கேட்க வழியில்லை.

இதனால் அவதிப்படுவது யார்? மின்சுற்றுப் பலகை வடிவமைக்கும் கீகேட் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். சுற்றுப்படம் ஒரு சாளரம், பலகை இன்னொரு சாளரம். வடிவமைப்பாளர் இரண்டையும் இரண்டு மானிட்டர்களில் விரித்து, ஒன்றில் தேர்ந்தெடுத்த உறுப்பு மற்றதில் ஒளிர்வதைப் பார்த்தபடி வேலை செய்கிறார். மறுநாள் திறந்தால் எல்லாம் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில் என்ன தவறு? கீகேட் குழுவினர் 2025இல் இந்தக் குறையையும் வேறு சிலவற்றையும் வெளிப்படையாகப் பட்டியலிட்டு, தொழில்முறை வேலைக்கு வேலண்டுக்கு முந்தைய நெறிமுறையான எக்ஸ்11ஐயே பரிந்துரைத்தார்கள்.

தடைக்குச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யில்லை. இடத்தைத் தானே தீர்மானிக்கும் நிரல், வேறொன்றின் மேல் போலிக் கடவுச்சொல் பெட்டியைப் பொருத்திவிடலாம். கழற்றிவிட்ட மானிட்டர் இருந்த இடத்தில் சாளரத்தைத் திறந்து கண்ணிலேயே படாமல் செய்துவிடலாம். ஆனால் நிரலின் சொல்லே இறுதி என்று வைத்தால்தான் இந்த ஆபத்துகள் வரும். 1987இல் வந்த எக்ஸ்11இல் வழக்கமான சாளரங்கள் இடத்தைக் கோரிக்கையாகத்தான் முன்வைக்கின்றன. மேலாளர் அதை ஏற்கலாம், திருத்தலாம், தள்ளிவிடலாம். வேலண்டுக்குள் எக்ஸ்11 நிரல்களை ஓட்டும் எக்ஸ்வேலண்ட் வழியாக இயங்கும் பழைய நிரல்கள் இன்றும் அப்படித்தான் இடம் கேட்டுப் பெறுகின்றன. புதிய நெறிமுறைக்கு மாறிய நிரலுக்கு மட்டும் அந்த உரிமை பறிபோகிறது.

உலாவிகளின் கதை இன்னும் தெளிவானது. தாமாகத் திறந்து நகர்ந்த விளம்பரச் சாளரங்களின் தொல்லை தாங்காமல், வலைப்பக்கங்கள் சாளரத்தை நகர்த்தும் உரிமையை உலாவிகள் ஒடுக்கின. அது சரியான முடிவுதான். பிறகு 2022இல் குரோம் 100, பல திரைகளில் சாளரத்தை இடமறிந்து வைக்கும் வசதியைப் பயனரின் அனுமதியோடு வலைத்தளங்களுக்குத் திறந்துவிட்டது. எவரோ எழுதிய வலைப்பக்கம் கேட்டுப் பெறக்கூடிய ஒன்றை, பயனரே விரும்பி நிறுவிய மென்பொருள் கேட்கவும் கூடாது என்பது எந்த நியாயம்?

கேடிஇ மேசைக்கணினிச் சூழலில் சாளரங்களின் இடத்துக்குப் பயனரே விதி எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். எழுதலாம். ஆனால் அந்த விதிக்குச் சாளரத்தின் தலைப்பும் வகையும் போன்ற வெளி அடையாளங்களே தெரியும். எந்தச் சாளரம் எந்த வேலைக்குரியது என்பது நிரலுக்குத்தான் தெரியும்.

மூடிய சாளரங்களைப் பழைய இடத்தில் மீட்டெடுக்கும் வேலண்ட் முன்மொழிவு பல ஆண்டுகள் விவாதத்திலேயே இழுபட்டது. அதுவும் பாதி வழிதான். முதன்முறையாகத் திறக்கும் கருவிச் சாளரத்தை வரைபடத்துக்குப் பக்கத்தில் வைக்க விரும்பும் நிரலுக்கு மீட்டெடுக்கப் பழைய இடம் ஏது?