மருந்தின் விலையும் ஆய்வாளரின் பொறுப்பும்

பரம்பரையலகுச் சிகிச்சை பற்றிப் பேசுவோரிடையே ஒரு கூற்று வேரூன்றியுள்ளது. நோய் தீர்க்கும் வழியைக் கண்டறிவதோடு விஞ்ஞானியின் பணி முடிந்தது. விலை வணிகர்க்கும் அரசுகளுக்கும் உரிய விடயம் என்பதே அது. நியாயம்போலத் தோன்றும் இக்கூற்று அடிப்படையிலேயே தவறானது.

அரிவாட்கல நோயை எடுத்துக்கொள்வோம். 1949 இல் லைனஸ் போலிங்கும் அவர்தம் குழுவினரும் இதனை ஒரு மூலக்கூற்று நோயென நிறுவினர். ஈமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறியமைவதே காரணமென வேர்னன் இங்கிராம் பின்னர் காட்டினார். பரம்பரையலகைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் முறையை டௌட்னாவும் சார்பென்ரியரும் 2012 இல் வெளியிட்டனர். அம்முறையில் அமைந்த முதற் சிகிச்சையான காஸ்ஜெவிக்கு 2023 நவம்பரில் பிரித்தானியாவும் டிசெம்பரில் அமெரிக்காவும் அனுமதியளித்தன. அமெரிக்காவில் நிர்ணயிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டொலர். ஆனால் இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளுட் பெரும்பாலோர் பிறப்பது சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில். இதே சிகிச்சை தலசீமியாவுக்கும் உரியது. அந்நோயால் இடைவிடாது குருதியேற்றிக்கொள்ளும் பிள்ளைகள் நம் நாட்டிலும் உளர்.

இவ்விலை இலாப வேட்கையால் மட்டும் விளைந்ததா? அவ்வேட்கைக்குப் பங்குண்டு என்பதை மறுப்பாரில்லை. ஆயின், விலையின் ஒரு பகுதி முறையிலேயே பொதிந்துள்ளது. குருதிக் கலங்களுக்கு மூலமான கலங்களை நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் திருத்திச் சோதித்து, கடும் மருந்தால் அவரது என்பு மச்சையிலுள்ள பழைய கலங்களை அழித்து, அதன் பின்னரே திருத்தியவற்றை ஏற்றல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் இது தனித்தனியே செய்யப்பட வேண்டியது. இம்முறையை வகுத்தவர் வணிகரல்லர், ஆய்வாளரே.

கண்டுபிடிப்பு முதலில் வரட்டும், மலிவு பின்னர் தானே வரும் என்பர் சிலர். தானே வந்ததில்லை. அரிவாட்கல நோயின் வேதனையைக் குறைக்கும் ஐதரொட்சியூரியா மலிவான மருந்து. 1998 இல் அமெரிக்காவில் அந்நோய்க்கு அனுமதி பெற்றது. அங்கோலா, கொங்கோ, கென்யா, உகண்டா நாட்டுச் சிறுவர்க்கு அது ஏற்றதெனக் காட்டிய ஆய்வு 2019 இல்தான் வெளியாயிற்று. இருபதாண்டு யாருக்காகக் காத்திருந்தது?

மாற்று வழி உண்டு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இனங்கண்டு தாமே கூடும் இயல்பை ஆராய்ந்த பெடர்சன், கிராம், லேன் ஆகியோர் 1987 இல் நோபல் பரிசு பெற்றனர். அத்தகைய கூடலால் அமையும் இலிப்பிட்டு நுண்துணிக்கைகளே 2020 இல் கொவிட் தடுப்பூசிகள் சிலவற்றைச் சுமந்தன. ஈரல் நொதியக் குறைபாட்டுடன் பிறந்த ஒரு குழந்தைக்குத் திருத்தக் கருவியை அத்துணிக்கைகளில் ஏற்றிப் பிலடெல்பியாவிற் செலுத்திய செய்தி 2025 இல் வெளியாயிற்று. அதுவும் மலிவானதன்று, ஆயினும் அங்கே கலங்களை வெளியே எடுக்கவோ என்பு மச்சையை அழிக்கவோ வேண்டியிருக்கவில்லை. ஈரலை அடைதல் எளிது. என்பு மச்சையை அடைதல் கடினம். அக்கடினத்தை வெல்வதே இன்று முதன்மை பெறவேண்டிய ஆய்வாகும்.

எதனை ஆராய்வது என்று தெரியும்போதே எவரைக் குணமாக்குவது என்பதும் பாதி தீர்மானமாகிவிடுகிறது. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் இதனை உணர்வாராக. உரியவரைச் சென்றடையாத மருந்து, ஆய்வுகூடத்தின் வெற்றியாகலாம், நோயின் தோல்வியாகாது.