சிவந்த கண் எல்லாம் 'மெட்ராஸ் ஐ' அல்ல

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தமிழ்நாட்டில் நாள்தோறும் 4,000 முதல் 4,500 பேர் வரை 'மெட்ராஸ் ஐ' எனப்படும் விழி வெண்படல அழற்சிக்கு ஆளாவதாக மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் தெரிவித்தார். 2023 ஜூலையில் டெல்லி, மகாராஷ்டிரம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இடங்களில் இதே நோய் பரவியது. மழைக்காலத்தை ஒட்டி இத்தகைய பரவல் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. நோய் பெரும்பாலும் தானே குணமாகும். பார்வையைப் பறிப்பது அரிது. ஆயினும் ஒவ்வொரு பரவலிலும் வேறொரு தீங்கு உடன் வருகிறது. ஊரெங்கும் இதே பேச்சாக இருக்கும்போது, கண் சிவந்த பலரும் தமக்கும் அதுவே என்று முடிவு செய்து, மருந்துக் கடையில் கேட்டு ஏதேனும் ஒரு சொட்டு மருந்தை இட்டுக்கொள்கின்றனர். அவர்களுள் சிலருக்கு இருப்பது கருவிழிப் புண்.

'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் அடினோ வைரஸால் உண்டாகிறது. (1918-இல் சென்னையில் இவ்வைரஸ் கண்டறியப்பட்டதால் இப்பெயர் வந்தது என்று கூறப்படுவதுண்டு, ஆனால் அடினோ வைரஸ் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1953-இல்தான்.) ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாள்களில் மறு கண்ணுக்கும் பரவும், நீர் வடியும், உறுத்தும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். நோயாளியின் கண்ணைப் பார்ப்பதால் இது தொற்றாது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்குமே தவிர, பரவலைத் தடுக்காது. தொற்று கையின் வழியே செல்கிறது: கண்ணைத் துடைத்த விரல், துண்டு, தலையணை உறை, கைப்பேசி, கதவுப்பிடி. இவ்வைரஸ் பரப்புகளில் பல நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. சானிடைசரைவிடச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதே நம்பத்தக்கது. நோயாளிக்கு மருந்திடும் நீங்கள், இடுவதற்கு முன்பும் பின்பும் கை கழுவுங்கள். கண்ணில் நீர் வடிந்து சிவப்பு நீடிக்கும் வரை குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்.

வைரஸை ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து அழிக்காது. குளிர்ந்த ஒத்தடமும், மருத்துவர் கூறும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் வேதனையைத் தணிக்கும். ஒன்று முதல் இரண்டு வாரங்களில் நோய் அடங்கும். மஞ்சள் அல்லது பச்சை நிறப் பீளை கெட்டியாகத் தொடர்ந்து வந்தால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கக்கூடும். அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படும்.

கவலைக்குரியவை ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகள். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்ற பெயர்கள் குப்பியின் மேல் சிறிய எழுத்தில் இருக்கும். இட்ட ஒரே நாளில் சிவப்பு குறையும். அதனாலேயே மக்கள் இவற்றை நம்புகின்றனர், அண்டை வீட்டாருக்கும் கொடுக்கின்றனர். ஆனால் கண்ணில் இருப்பது பூஞ்சைத் தொற்றோ ஹெர்பெஸ் வைரஸோ எனில், சிவப்பு குறையும் அதே வேளையில் கருவிழி உள்ளே அரிக்கப்படும். நெடுநாள் இட்டால் கண் நீர் அழுத்தம் உயரும், கண்புரையும் வரலாம். சில நிலைகளில் கண் மருத்துவரே இம்மருந்தைத் தருவார். அது கருவிழியைச் சோதித்த பின்னர் எடுக்கும் முடிவு.

கருவிழிப் புண் நம் ஊர்களுக்குப் புதிதன்று. 1993-ஆம் ஆண்டுக்கான ஓர் ஆய்வுக் கணக்கின்படி, மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 113 பேருக்கு அவ்வாண்டில் இப்புண் ஏற்பட்டது. நெல் உமி, கரும்புத் தோகை, முள், மாட்டு வால் என ஏதேனும் பட்டுக் கருவிழியில் விழும் சிறு கீறலில் பூஞ்சையோ பாக்டீரியாவோ நுழைகிறது. அக்கீறலில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு ஆகியவற்றை விடுவதும், நாக்கால் தூசி எடுப்பதும் கிருமியை நாமே உள்ளே செலுத்துவதாகும். மாறாக, நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வில், கீறல் ஏற்பட்ட 18 மணி நேரத்துக்குள் குளோராம்பெனிகால் களிம்பு இடத் தொடங்கிய எவருக்கும் புண் உண்டாகவில்லை. எனவே கண்ணில் அடிபட்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். புண் உண்டான பிறகு சிகிச்சை நீளும்: புண்ணிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் காண்பர், பூஞ்சை எனில் நாட்டமைசின் சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை இட வேண்டியிருக்கும், சிகிச்சை வாரக்கணக்கில் தொடரும். கவனிப்பவர் இரவிலும் விழித்திருக்க நேரும்.

கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர் கண் சிவந்தவுடன் லென்ஸைக் கழற்றிவிட்டு மருத்துவரைக் காணுங்கள். குழாய் நீரில் லென்ஸைக் கழுவுவது அகாந்தமீபா என்னும் நுண்ணுயிருக்கு வழிவிடும். பிறந்து 28 நாள்களுக்குட்பட்ட குழந்தையின் கண்ணில் பீளை வடிந்தால் அன்றே காட்டுங்கள். கொனோரியாக் கிருமியாக இருந்தால் ஓரிரு நாள்களிலேயே கருவிழி துளைபடலாம்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது, இதுவரை இட்ட சொட்டு மருந்துக் குப்பியை, அது தீர்ந்திருந்தாலும், உடன் எடுத்துச் செல்லுங்கள்.