தண்டவாளம் அகன்ற வழி

தொடர்வண்டியால் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும்போது பிடிப்பு மிகக் குறைவு. நூறு அடி தொலைவுக்கு ஓர் அடி உயர்ந்தாலே சுமையேற்றிய வண்டிக்கு அது கடும் ஏற்றம். ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியப் பொறியாளர்கள் குன்றுகளைக் குடைந்தும், பள்ளங்களில் கரை எழுப்பியும், ஆறுகளின்மேல் கல் வளைவுப் பாலங்களைக் கட்டியும் நிலத்தைத் தம் வண்டிக்கு ஏற்பச் சமன்செய்தனர். நடந்து செல்பவரை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும், வண்டிகள் நின்றுபோன பின்னர் அவ்வழிகளின் பயனை நுகர்வோர் நடப்பவர்களே.

பிரித்தானிய ரயில்வே வாரியத்தின் தலைவராயிருந்த ரிச்சர்டு பீச்சிங் 1963இல் ஓர் அறிக்கை அளித்தார். 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களையும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் இருப்புப்பாதையையும் மூடுமாறு அது பரிந்துரைத்தது. அவற்றுள் பெரும்பகுதி மூடப்பட்டது; தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. எஞ்சிய நிலம் பல இடங்களில் துண்டு துண்டாக விற்கப்பட்டது. சில இடங்களில் மட்டும் உள்ளாட்சி அமைப்புகளும் தேசியப் பூங்கா நிருவாகங்களும் அதனைத் தொடர்ச்சி அறாமல் பெற்று நடைவழியாக்கின. முதற்செயல் பெருந்தவறு என்பதே என் கருத்து. நீண்டு கிடப்பதுதான் அந்நிலத்தின் மதிப்பு. பத்து கிலோமீட்டர் வழியின் நடுவே ஒரு பாலத்தை இடித்துவிட்டால், எஞ்சுவன எங்கும் சென்று சேராத இரண்டு மேடுகள்.

டெர்பிசயர் மாவட்டத்தின் மான்சல் நடைவழி நல்ல சான்று. வை ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1860களில் இருப்புப்பாதை அமைக்கப்பட்டபோது, காந்தியடிகளின் வாழ்வை மாற்றிய நூலை எழுதிய ஜான் ரஸ்கின் அதனைக் கடுமையாகச் சாடினார். பள்ளத்தாக்கின் அழகு பாழாயிற்று என்று வருந்தினார். 1968இல் அங்கு வண்டி நின்றது. அவர் வெறுத்த பாதையைச் சேர்ந்த ஐந்து வளைவுப் பாலத்தைக் காணவே இன்று மக்கள் திரள்கின்றனர். அது பாதுகாக்கப்பட்ட கட்டடமும் ஆயிற்று. மூடிக் கிடந்த குகைவழிகள் விளக்குகளுடன் 2011இல் திறக்கப்படும்வரை, நடப்போர் அவ்விடங்களில் குன்றேறிச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது.

இவ்வழிகளை மிகுதியும் நாடுவோர் நாய் வளர்ப்போர். நம் ஊர்களில் நாய் தானே தெருவைச் சுற்றி வந்துவிடும். அங்கோ வளர்ப்பவர் நாள்தோறும் அதனை அழைத்துச் செல்ல வேண்டும். விடுமுறை நாளில் பதினைந்து, இருபது கிலோமீட்டர் நடப்போரும் உளர். நாட்டுப்புறச் சாலைகள் குறுகியவை. இருபுறமும் உயர்ந்த புதர்வேலி. வளைவில் மகிழுந்து வருவது தெரியாது. வயல் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதையிலோ வேலிதோறும் மரப்படி ஏறி இறங்க வேண்டும். முதிய நாயைத் தூக்கித்தான் கடத்த இயலும்; அதன் எடை முப்பது கிலோ என்றால் தூக்குபவர் பாடு சொல்லத் தரமன்று. பழைய இருப்புப்பாதையில் இத்தொல்லைகள் இல்லை. மூட்டுவலி கண்ட நாய்க்கும், அதனுடன் வரும் முதியவர்க்கும், சக்கர நாற்காலியினர்க்கும் அந்த மெல்லிய ஏற்றம் ஒருங்கே பொருந்துகிறது.

நாயுடன் வருவோர்மீது எனக்குக் குறையும் உண்டு. நீண்டு சுருங்கும் கயிற்றை வழியின் குறுக்கே விட்டுவிட்டு மிதிவண்டியோட்டியைச் சினந்துகொள்வது முறையன்று. நாய்க்கு அஞ்சும் குழந்தைக்கும் அவ்வழி உரியது. கழிவைப் பையில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டுச் செல்வோரை என்னென்பது? கரையை ஒட்டிய வயல்களில் செம்மறியாடுகள் மேய்கின்றன. நாய் கடிக்கவே வேண்டியதில்லை. துரத்தினாலே சினையாடு மிரண்டு கருவை இழக்கக்கூடும். கால்நடைகளைத் துன்புறுத்தும் நாயின் உரிமையாளரைப் பொறுப்பாளியாக்கும் சட்டம் அங்கு 1953 முதல் உள்ளது.

வழியின் தொடர்ச்சியால் பயன்பெற்றது மனிதரும் நாயும் மட்டுமன்று. ஆக்ஸ்போர்டு ராக்வொர்ட் என்னும் மஞ்சள் பூச்செடி சிசிலித் தீவின் எட்னா எரிமலைச் சரிவுகளிலிருந்து ஆக்ஸ்போர்டு தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. அங்கிருந்து தப்பிய அதன் விதைகள், எரிமலைக் குழம்புப் பாறையை ஒத்த சரளைக்கற்களைத் தண்டவாளத்தின் அடியில் கண்டன. ஓடும் வண்டி எழுப்பிய காற்றில் பறந்து நாடெங்கும் பரவின.

அமெரிக்காவில் 1983இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் இங்கு நினைக்கத்தக்கது. பயனற்ற இருப்புப்பாதை நிலத்தைப் பின்னாளில் மீண்டும் வண்டி ஓட்டுவதற்காகக் காத்துவைத்து, அதுவரை நடைவழியாகப் பயன்படுத்திக்கொள்ள அது இடமளிக்கிறது. இதனினும் அறிவார்ந்த ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மான்சல் பள்ளத்தாக்கிலும் தொடர்வண்டி திரும்ப வேண்டும் எனக் கேட்போர் உளர். என் விருப்பம் நடைவழியின் பக்கமே. எனினும், நிலம் துண்டாடப்படாது கிடப்பதால்தான் அவர்களால் அக்கோரிக்கையை எழுப்ப முடிகிறது. அதனைப் புறந்தள்ள நான் ஒப்பேன். குகைகளுக்குள் வண்டிக்கும் நடப்பவர்க்கும் இடம் போதுமா என்பது பொறியாளர்கள் அளந்து சொல்ல வேண்டியது.