பெற்றோர் மனத்தை அளக்கும் கோல்

பிள்ளைகள் விளையாட வேண்டுமா என்று எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் வேண்டும் என்றே விடை வரும். அதே பெற்றோர், பிள்ளை பத்தாம் வகுப்பில் கால் வைத்ததும் மட்டையையும் பந்தையும் பரணில் ஏற்றிவிடுவர். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே உள்ள இத்தொலைவைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு எதுவும் விளையாட்டு வளர்ச்சிக்கு உதவாது.

மனப்பாங்கை அளக்க உளவியலார் பெரிதும் கையாள்வது, 1932ஆம் ஆண்டில் லிக்கர்ட் வகுத்த அளவுகோல். ஒரு கூற்றைத் தந்து, முற்றிலும் உடன்படுவது முதல் முற்றிலும் மறுப்பது வரை ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்வது அதன் முறை. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் லாப்பியர் என்னும் அறிஞர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். சீனத் தம்பதியருடன் அமெரிக்காவில் பயணம் செய்த அவருக்கு, 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றில் மட்டுமே இடம் மறுக்கப்பட்டது. பின்னர் மடல் எழுதிக் கேட்டபோதோ, விடையளித்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சீனரை ஏற்கமாட்டோம் என்றனர். அங்கே சொல் கடுமையாக இருந்தது. செயல் இணங்கிப் போனது. நம் வீடுகளில் சொல் இனிக்கிறது, செயல்தான் கைவிடுகிறது.

ஆகவே கருத்தைக் கேட்பதோடு நில்லாமல் நடப்பைக் கேட்க வேண்டும். சென்ற வாரம் பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடினான்? காலாண்டுத் தேர்வு நெருங்கியபோது பயிற்சி நின்றதா? மகனுக்குக் காலணி வாங்கிய வீட்டில் மகளுக்கு வாங்கப்பட்டதா? பூப்பெய்திய பின்னும் அவள் திடலுக்குச் செல்கிறாளா? இவ்விடைகளை ஒப்பிட ஓர் அளவு உண்டு: உலகச் சுகாதார நிறுவனம் சிறார்க்கு நாள்தோறும் 60 நிமிட உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலக வளரிளம் பருவத்தினரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. சிறுமியர் நிலை இன்னும் மோசம்.

பிள்ளைகளையும் தனியே கேட்க வேண்டும். 1997இல் லீ, மக்லீன் என்னும் ஆய்வாளர்கள் நீச்சல் பயிலும் சிறாரிடமே வினவினர்: பெற்றோர் எவ்வளவு தலையிடுகின்றனர், எவ்வளவு தலையிட வேண்டும் என விரும்புகிறாய்? இவ்விரு விடைகளுக்கும் உள்ள இடைவெளியே அழுத்தத்தின் அளவு. திடலோரம் நின்று மகனை அதட்டும் தந்தை தம்மைப் பெரும் ஆதரவாளராகவே கருதுவார். ஆதரவா, அழுத்தமா என்பதைப் பிள்ளையே அறியும்.

இதனால் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. சதுரங்க வீரர் குகேஷுடன் போட்டிதோறும் செல்வதற்காக, அவர் தந்தை தம் மருத்துவத் தொழிலையே நிறுத்தி வைத்தார். 2024இல் மகன் உலகச் சதுரங்க வாகையரானார். அத்தகைய ஈகத்தை நாள்கூலியில் வாழும் குடும்பத்திடம் எதிர்பார்க்க இயலுமா? மதிப்பெண்ணே கல்லூரிக் கதவைத் திறக்கும் நாட்டில், பெற்றோரின் அச்சம் காரணமற்றதன்று. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்பதை எத்தனை குடும்பங்கள் அறியும்? அறியாமையை விருப்பமின்மை என்று பதிவு செய்வது ஆய்வன்று. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கும் பள்ளிகளோ, விளையாட்டு இரண்டாந்தரம் என்பதைப் பெற்றோர்க்கு நாள்தோறும் கற்பிக்கின்றன.

பள்ளிக் கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் இணைந்து இவ்வளவீட்டை மேற்கொள்ள வேண்டும். ஒரே குடும்பங்களை ஆறாம் வகுப்பிலும் ஒன்பதிலும் பதினொன்றிலும் வினவி, ஆதரவு எந்த ஆண்டில், எதனால் சரிகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். பிள்ளைகளின் விடைகள் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் தெரியாமல் காக்கப்பட வேண்டும். முடிவுகளை மாவட்டவாரியாக வெளியிட்டு, அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அவற்றுக்கு விடை சொல்ல வேண்டும். அளந்தபின் செயலில் இறங்காத அரசு, பெற்றோரின் மனப்பாங்கைக் குறை கூறும் உரிமையை இழந்துவிடும்.