போடச் சொன்ன இடத்தில் போட்ட கையெழுத்து

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு இருபது வயது. களை எடுத்துவிட்டும் கல் உடைத்துவிட்டும் வரும் பெண்களைப் பொழுது சாய்ந்ததும் அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் முதலில் கேட்டது கையெழுத்தைத்தான். "எம் பேர எழுதக் காட்டு டீச்சர், அது போதும். ரேகை வச்சு வச்சு வெக்கமாப் போச்சு" என்பார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் மாவட்டமே முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். சைக்கிள் ஓட்டப் பழகிய பெண்கள் சாலையை நிறைத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் இந்த முப்பது சொச்சம் வருஷத்தில் அந்தக் கையெழுத்துகள் எந்தெந்தத் தாள்களில் போய் விழுந்திருக்கின்றன என்று பார்க்கும்போது வயிறு எரிகிறது.

என்னிடம் எழுதப் பழகிய ஒரு அம்மாவின் மகள் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அவள் புருஷன் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர். 2022-இல் திருச்சியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். நாற்பது வயது. மூன்றாம் நாள் மேஸ்திரி ஒரு லட்சம் ரூபாயும் ஒரு முத்திரைத்தாளும் கொண்டு வந்தார். "பெல்ட் மாட்டுன்னு சொல்லியும் மாட்டல, தப்பு அவன் மேல. இருந்தாலும் மொதலாளி பெரிய மனசு பண்ணிக் குடுத்தனுப்பிருக்காரு" என்றாராம். இனி எந்தப் பாத்தியமும் கோரமாட்டேன், வழக்குத் தொடரமாட்டேன் என்று தாளில் எழுதியிருந்தது. பால் தெளித்த ஈரம் காயாத வீட்டில், பத்துப் பேர் சுற்றி நிற்க, அவள் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டரை வருஷம் கழித்துத்தான் எனக்கு இது தெரிந்தது. மகனுக்கு பாலிடெக்னிக் பீஸ் கட்டக் கைமாற்று கேட்டு வந்தவள், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அந்தத் தாளை எடுத்துவரச் சொல்லிப் படித்துப் பார்த்தேன். அன்று இரவு தூங்கவில்லை.

அப்போது நடப்பில் இருந்தது 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது. வேலை செய்யும்போது ஆள் இறந்தால் மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். கூலி எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம் என்று 2020-இல் வைத்தார்கள். நாற்பது வயதுக்கான எண் 184.17. ஏழாயிரத்து ஐந்நூறை அதால் பெருக்கினால் 13,81,275 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் அதற்குமேல் 12 சதவீதம் வட்டி. பெல்ட் போடாதது பற்றிய பேச்சே அங்கு எடுபடாது. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தொழிலாளி மேல் பழி போட்டுத் தப்பிக்கும் வழியை, சாவு என்று வந்துவிட்டால் அந்தச் சட்டமே அடைத்து வைத்திருந்தது. அதைவிட முக்கியம், சாவுக்கான இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் கொடுக்கக் கூடாது. தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் கட்ட வேண்டும், அவர் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடு கொடுத்த கணக்கில் சேராது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதி வாங்கும் ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் செல்லாது என்றும் தனிப் பிரிவே இருந்தது. அதாவது மேஸ்திரி கொண்டுவந்த தாள் வெறும் தாள். அவள் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் பாலிதீன் பையில் சுற்றி, ஏதோ பெரிய கட்டுப்பாடு போல இரண்டரை வருஷம் பாதுகாத்து வைத்திருந்தாள். "எழுதிக் குடுத்துட்டோமே டீச்சர், இனிமே எப்பிடிக் கேக்குறது?" என்றாள். எழுதிக் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்ட அந்த நேர்மையை நினைக்கத்தான் என் நெஞ்சு ஆறவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழக்குப் பதிந்த போலீஸ்காரர் வந்தார். பிரேதப் பரிசோதனை நடந்தது. வாரிசுச் சான்றுக்காக விஏஓ முதல் தாலுகா ஆபீஸ் வரை அலைந்திருக்கிறாள். இத்தனை மேசைகளில் ஒரு மேசையிலாவது ஒருவர், "ஏம்மா, லேபர் ஆபீஸ்ல மனுப் போட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்த மனுவுக்கு அப்போது இரண்டு வருஷ வரம்பு இருந்தது. வரம்பு தாண்டிய பிறகுதான் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

செல்லாத தாளுக்கு இப்படிப் பயந்து கிடக்கிறோம். செல்லுகிற தாளிலோ ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். சொத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தைத்தான் சொல்கிறேன்.

அறிவொளியில் என்னிடம் படித்த இன்னொரு அக்கா. அவருடைய அப்பா 2019-இல் இறந்தார். உயில் எழுதவில்லை. அவரே சம்பாதித்து வாங்கிய மூன்று ஏக்கர் இருபது சென்ட் நிலம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம், தம்பிகள் இருவரும் அக்காவைக் காரில் ஏற்றி சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். "பட்டா மாத்தணும்க்கா, ஒரு கையெழுத்துதான்." சார்பதிவாளர், சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். "ஆமாங்கய்யா." போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை வைத்தார்கள், முடிந்தது. வழியில் ஓட்டலில் சாப்பாடு, ஒரு சேலை.

அம்மா, தம்பி இருவர், அக்கா என்று நாலு பேர். ஆளுக்குச் சரிபங்கு என்றால் அக்காவுக்கு எண்பது சென்ட். பெண்ணுக்குச் சொத்து என்றதும் எல்லோரும் 1989-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் திருத்தத்தையும் 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்தையும் சொல்வார்கள். அவை பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னதும் அதைப் பற்றித்தான். ஓர் இந்து அப்பா தானே சம்பாதித்த சொத்தில், உயில் இல்லாவிட்டால், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது 1956-இலிருந்தே சட்டம். கல்யாணத்தில் நகை போட்டதும் சீர் செய்ததும் அந்தப் பங்கில் கழியாது. தம்பி பெயரில் பட்டா இருப்பதாலேயே நிலம் தம்பிக்குச் சொந்தம் என்றும் ஆகிவிடாது. இதை நீதிமன்றங்கள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. இன்றைக்கும் டீக்கடைப் பேச்சில் பட்டாதான் முடிவான வார்த்தை.

"பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சு போகும் டீச்சர். நாளைக்கு எம் பேத்திக்கு யாரு மொறை செய்வா?" என்றார் அந்த அக்கா. அந்தக் கணக்கு எனக்குப் புரியும். தம்பிகளுக்காக விட்டுக்கொடுக்க நினைத்தால் தாராளமாக விட்டுக்கொடுக்கட்டும், அது அவர் விருப்பம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டாமா? தனக்கு எண்பது சென்ட் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. பட்டா மாற்றம் என்று நம்பித்தான் போட்டிருக்கிறார். பதிவான பத்திரத்தை உடைக்க வேண்டுமென்றால், ஏமாற்றி வாங்கினார்கள் என்று சிவில் கோர்ட்டில் அவர்தான் நிரூபிக்க வேண்டும். விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷ வரம்பு. கூடப்பிறந்தவர்கள் மேல் மோசடி என்று கூண்டில் ஏறிச் சொல்ல எந்த அக்காவுக்கு வாய் வரும்?

அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கிப் படித்தேன். தமிழில்தான் இருக்கிறது. சர்வ சுதந்திர பாத்தியம், யாதொரு பின்தொடர்ச்சியும் இல்லை, பிரதிபலன், ஷை சொத்து, புத்திர பௌத்திர பாரம்பரியம். எம்.ஏ. படித்த நானே இரண்டாம் தடவை படித்துத்தான் பிடிபட்டது. அறிவொளியில் படித்த ஒரு பெண் எழுத்துக்கூட்டி இதைப் படித்தாலும் என்ன விளங்கும்? "இந்த நிலத்தில் எனக்குள்ள நாலில் ஒரு பங்கை என் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கிறேன். இனி எனக்கு அதில் உரிமை இல்லை." இரண்டே வரிதான் விஷயம். அதை இப்படித் தமிழில் பத்திரத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும், எழுதிக் கொடுப்பவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அன்று என் மாணவிகளுக்கு எழுத்தைக் கொடுத்தோம். இந்தப் பத்திரங்களை எழுதுகிறவர்கள் அந்த எழுத்தையே ஒரு சுவராகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

படித்தவர்கள் கதை மட்டும் வேறா என்ன? போன வருஷம் என் தம்பியை பைக்கில் போகும்போது கார் இடித்துத் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து முடிக்கும் முன்பே ஃபைலோடு ஒருவர் வந்துவிட்டார். "செலவு ஒரு பைசா வேணாம், கேஸ நாங்க பாத்துக்குறோம், வர்றதுல மூணுல ஒண்ணு." எம்.காம். படித்த தம்பி மகன் வெற்று வக்காலத்து உட்பட ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு பேசிக்கொண்டு வழக்கு நடத்தக் கூடாது என்பது வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதி. அது அவனுக்குத் தெரியாது. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் தெரியாது. விபத்து இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும், அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனதும்கூடத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மாநிலங்களவை உறுப்பினர் எண்ணிக்கையை மனப்பாடம் செய்ய வைத்தோம். வக்காலத்து என்றால் என்ன, விடுதலைப் பத்திரம் என்றால் என்ன என்று ஒரு நாளும் சொல்லித்தரவில்லை.

ஜவுளிக்கடையில் ஏழு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்த ஒரு பெண், 12,000 ரூபாய் சம்பளத்தில் விலகும்போது "எல்லாம் செட்டில் ஆயிடுச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்கு வர வேண்டிய பணிக்கொடை 48,000-க்கு மேல். உட்கார நாற்காலி போட வேண்டும் என்று கடைச் சட்டத்தில் 2021-இலேயே திருத்தம் வந்தது. அதையும் நான் சொல்லித்தான் கேள்விப்பட்டாள்.

இத்தனைக்கும் வழி இல்லாமல் இல்லை. தாலுகா கோர்ட் வளாகத்துக்குள்ளேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண் என்றாலே போதும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளிகள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் அப்படித்தான். 15100 என்று ஒரு இலவச எண்ணும் இருக்கிறது. ஆனால் அந்த எண் மேஸ்திரி வரும் வீட்டுக்கோ ஆஸ்பத்திரி வராந்தாவுக்கோ வந்து சேருவதில்லை. கையெழுத்து வாங்குகிறவர்கள் மட்டும் மூன்றாம் நாளே வந்துவிடுகிறார்கள். 2025 நவம்பரில் பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி நடைமுறைப்படுத்தியபோது இழப்பீட்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்ச் சேர்ந்தது. இதையாவது யாராவது ஊர் ஊராகப் போய்ச் சொல்வார்களா? 1991-இல் எழுத்துக்காக அத்தனை ஆயிரம் பேர் லாந்தரோடு கிளம்பினோமே.

தகுந்த காரணம் இருந்தால் வரம்பு தாண்டிய மனுவையும் ஆணையர் ஏற்கலாம் என்று பழைய இழப்பீட்டுச் சட்டத்தில் இடம் இருந்தது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு சென்ட்ரிங்காரரின் மனைவியைச் சட்டப் பணிகள் குழுவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே கொடுத்த வக்கீல் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைத் தயார் செய்து, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து நீட்டினார். அவள் பேனாவை வாங்கவில்லை. "முழுசாப் படிச்சுக் காட்டுங்க டீச்சர்" என்றாள். படித்தேன். நடுவில் நிறுத்தி, "பரிகாரம்னா?" என்று கேட்டாள். சொன்னேன். புருஷன் வயதை நாற்பத்தொன்று என்று தட்டச்சு செய்திருந்தார்கள். கண்டுபிடித்தது அவள்தான். திருத்தி எடுத்துவர அரை மணி நேரம் ஆயிற்று, அதுவரை வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தாள். விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.