பயணமும் கைப்பேசியும்

ஜொகூர் பாரு கடலோரத்தில் நின்றாலே கைப்பேசி சில வேளை சிங்கப்பூர் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பெயர்தான் ரோமிங். அந்நியக் கோபுரத்துக்கு நாம் கட்டும் வாடகை! தமிழ்நாட்டில் நமக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் காசு போகும்.

செடெனாக்கிலிருந்து ஒரு வாரம் போய்வருபவர்கள் நாள் கணக்கு ரோமிங் திட்டத்தை இங்கேயே வாங்கிவிடலாம். ஒரு மாதம் தங்குவோருக்கு இந்திய சிம் அட்டைதான் மலிவு. கடப்பிதழும் விசா நகலும் கேட்பார்கள். அட்டை உடனே வேலை செய்யாமலும் இருக்கலாம். தோட்டத்தில் தனியே விட்டுவந்த பாட்டி அதுவரை தவித்திருப்பார். அந்த முதல் நாளுக்காவது ரோமிங் இருக்கட்டும். வீட்டு எண்ணுக்கு முன்னால் +60 போடுங்கள்.

மலேசிய அட்டையைக் கழற்றிப் பெட்டியில் போடாதீர்கள், அம்மா! வங்கி இரகசிய எண் அனுப்பினால் அதற்குத்தான் வரும். இரண்டு அட்டை போடும் கைப்பேசியில் இரண்டையும் வைத்து, மலேசிய அட்டையின் டேட்டாவை மட்டும் அடைத்துவிடுங்கள்.