ஒழுங்கற்ற துடிப்புக்கு ஒரு பூச்செடி



அண்மையில் நோயாளிகளைச் சந்திக்கச் சென்றபோது ஒரு மூதாட்டி, "சாமி, வெள்ளையடித்த சுவர்கூட எனக்கு மஞ்சளாய்த் தெரிகிறது, சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது" என்றார். தலைமாட்டில் டிஜாக்சின் மாத்திரை. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு வேறு. வயதின் கோளாறென்றே வீட்டார் எண்ணியிருந்தனர். மாத்திரை அட்டையோடு உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு வற்புறுத்தினேன். மருந்தே உடலில் மிகுந்து நஞ்சாகியிருந்ததை இரத்தப் பரிசோதனை காட்டிற்று.

இம்மருந்தின் தாயகம் ஐரோப்பாவில் மலர் பூக்கும் டிஜிட்டாலிஸ் என்னும் செடியினம். குருமடத்து இலத்தீன் இங்கே எனக்குக் கைகொடுக்கிறது: 'டிஜிட்டஸ்' என்றால் விரல். மலரினுள் விரல் நுழையும். 1542இல் ஃபூக்ஸ் என்ற ஜெர்மானியர் இட்ட பெயர் இது. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த ஒரு கிழவி, உடலில் நீர் தேங்கி வீங்கியோருக்கு இரகசியமாக ஒரு கஷாயம் கொடுத்து வந்தாள். அதிலிருந்த இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளில் பலன் தந்தது இச்செடியே எனக் கண்டவர் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர். பத்தாண்டு அனுபவத்தை 1785இல் நூலாக்கினார். அளவு மீறினால் வாந்தியும், நாடித் தளர்ச்சியும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றுவதும் நேரும் என்று அன்றே எழுதியிருக்கிறார்! டிஜாக்சினைப் பிரித்தெடுத்தது 1930இல்.

இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும்போது, அத்தூண்டுதல்கள் அனைத்தும் கீழறைகளைச் சென்றடையாதவாறு இது தடுக்கிறது. ஆகவே துடிப்பின் வேகம் தணியும், ஒழுங்கின்மை நீங்கிவிடாது. தளர்ந்த இருதயத்தின் சுருங்கும் வலிமையையும் சற்றே கூட்டும். இன்று வேறு மருந்துகள் முன்னிடம் பெற்றுவிட்டன. எனினும் இது வழக்கொழியவில்லை.

குணமளிக்கும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், முதியோருக்குக் குறைந்த அளவே போதுமானதாகும். வயிற்றுப்போக்காலோ சிறுநீர் பிரிக்கும் மாத்திரையாலோ உடலில் பொட்டாசியம் குறைந்தால் நஞ்சு விரைவில் தலைதூக்கும். தொண்டைக்கென்று நாள்தோறும் அதிமதுரம் மெல்லுவோர் கவனிக்க! அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும். நம் வேலியோர அரளியிலும் இம்மருந்துக்கு உறவான நஞ்சே உள்ளது. கைவைத்தியமென்று அதைத் தொடவேண்டாம்.

மூதாட்டி தேறிவிட்டார், இப்போது பாதி மாத்திரைதான். ஒருவேளை மறந்தால் மறுவேளை இரண்டாகக் கொடுக்கலாகாதென மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருப்பதால், பேரன் நாட்காட்டியில் குறித்து வருகிறான்.